பினாங்கு சட்டமன்றம் விபத்து சிகிச்சைக்குச் சட்டம் போட முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கேள்வி, உள்ளே இரண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் சாலைக் குற்ற அபராதத்தில் ஒரு பங்கை எடுத்து விபத்து சிகிச்சைக்குக் கொடுக்கச் சட்டம் போட்டிருக்கின்றனவாமே, பினாங்கு சட்டமன்றத்திலும் அப்படி ஒரு மசோதா கொண்டுவந்தால் என்ன என்பது முதல் கேள்வி. உங்கள் சித்தப்பா மகன் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், ஜூரு பக்கம் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு, முதலில் பக்கத்து மருத்துவமனைக்கும் பிறகு பாலம் தாண்டித் தீவுக்கும் கொண்டுபோகப்பட்டார், நடுவில் நான்கு மணி நேரம் போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கு மணி நேரத்தை ஒரு சட்டம் குறைத்திருக்குமா என்பதுதான் நிஜமாகவே நீங்கள் கேட்க வந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் அவசரப் பிரிவு மருத்துவர். செபராங் பிறையிலும் தீவிலும் அரசாங்க மருத்துவமனைகளில் பல வருடம் இருந்தேன். பிறகு சுகாதார நிர்வாகம் படிக்கப் போனபோது அமெரிக்க மாநிலங்களின் ட்ராமா சட்டங்களைத்தான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். (பலத்த காயம் பட்டவர்களைக் கவனிப்பதை நாங்கள் ட்ராமா என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.) வழக்கறிஞர் இல்லை, அரசியலமைப்பைப் பற்றிச் சொல்லப்போவதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. உங்கள் தம்பிக்கு எங்கே தாமதமானது, அது தவிர்க்கக்கூடிய தாமதமா என்பதை அவருடைய மருத்துவக் குறிப்பைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

சுருக்கமான பதில்: பினாங்கு சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அமெரிக்க மாநிலச் சட்டங்களில் எல்லோர் கண்ணிலும் படுவது பணம் எங்கிருந்து வருகிறது என்ற பிரிவு. உயிரைக் காப்பாற்றுவதாக நல்ல சான்று இருப்பதோ, எந்த நோயாளி எந்த மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று முடிவெடுக்க ஒருவருக்கு அதிகாரம் தரும் பிரிவுக்கு. நம் ஊரில் பேச்செல்லாம் முதலாவதைப் பற்றியே நடக்கிறது.

அங்கே மாநிலங்கள் இதில் இறங்கிய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மக்கள் நலத்தையும் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரம் அடிப்படையிலேயே மாநிலத்துடையது. 1966ல் அவர்களுடைய தேசிய அறிவியல் கழகம், விபத்து மரணம் நாடு கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு நோய் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்போதெல்லாம் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் சவ அடக்கம் செய்யும் நிறுவனத்தார். ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீள வண்டி அவர்களிடம்தான் இருந்தது. அதே வருடம் வந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம், அவசர மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்யாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை மானியத்தில் 10 விழுக்காடு வெட்டு என்று பிடியைப் போட்டது. 1971ல் இல்லினாய்ஸ் மாநிலம் முழுமைக்கும் ட்ராமா மருத்துவமனைகளை வகுத்தது. 1973ல் மத்திய அரசே பணம் தரும் சட்டமும் வந்தது. ஆனால் 1981ல் அந்தப் பணத்தை மற்ற சுகாதார மானியங்களோடு கலந்து, மொத்தமாக மாநிலங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். மொத்தமாக வரும் பணத்தில் ட்ராமாவுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1990ல் திட்டமிடலுக்கென்று இன்னொரு மத்தியச் சட்டம் வந்தது; அதற்கும் பணம் வருவதும் நிற்பதுமாகவே இருந்தது. மாநிலங்கள் சொந்தமாகப் பணம் தேட ஆரம்பித்ததன் பின்னணி இதுதான்.

அந்தப் பணம் எதற்கு என்பதையும் கவனியுங்கள். நடுராத்திரியில் காப்புறுதி இல்லாத ஒருவரை ரத்த வெள்ளத்தில் கொண்டுவந்து இறக்கினால், 1986ல் வந்த மத்தியச் சட்டப்படி மருத்துவமனை அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. செலவு மருத்துவமனையின் தலையில். 1980களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸில் பல தனியார் மருத்துவமனைகள் இந்த நஷ்டம் தாங்காமல் ட்ராமா வலைப்பின்னலிலிருந்து விலகிக்கொண்டன. ஆகவே அங்கே மாநில நிதியில் கணிசமான பகுதி இந்த நஷ்டத்தை ஈடுகட்டப் போகிறது. நம் நாட்டில் அந்த ஓட்டை வேறு மாதிரி. குடிமக்கள் அரசாங்க மருத்துவமனையில் கட்டுவது பெயரளவுக் கட்டணம். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் நிலை வேறு, அது தனிக் கதை. இங்கே பற்றாக்குறை பில்லில் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நிபுணர், அறுவைக்கூடம், ஐ.சி.யூ. கட்டில், ஆம்புலன்ஸ் நான்கும் ஒரே நேரத்தில் கிடைக்காததில்தான் இருக்கிறது. அவர்கள் மருந்தை அப்படியே வாங்கி வந்து நம் நோய்க்குப் போட முடியாது.

பணத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த வழிகள் பலவிதம். மேரிலாந்தில் வாகனப் பதிவுக் கட்டணத்தோடு ஒரு கூடுதல் தொகை வாங்குகிறார்கள். 2013ல் அது 17 டாலர். அதில் ஹெலிகாப்டரிலிருந்து ட்ராமா நிலையம் வரை ஓடுகிறது. வாஷிங்டன் மாநிலம் 1997ல் ஒவ்வொரு சாலைக் குற்றத்துக்கும் 5 டாலர், வாகன விற்பனைக்கு ஆறரை டாலர் என்று வைத்தது. கலிஃபோர்னியா 1987ல் மாவட்டங்களுக்கு 10 டாலர் அபராதத்துக்கு 2 டாலர் கூடுதலாக வசூலிக்க அனுமதி தந்தது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட வாக்காளர்கள் 2002ல் கட்டடத்தின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 3 சென்ட் வரி கட்டத் தாங்களாகவே வாக்களித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதே வருடம் அரிசோனாவில் சூதாட்ட விடுதி வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள்.

டெக்ஸஸ் கதையை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் சொல்லும் சம்மன் பண (சாலைக் குற்ற அபராத) யோசனையை முழு மூச்சாகச் செய்து பார்த்தது அந்த மாநிலம்தான். 2003ல் ஒரு சட்டம். நீதிமன்றம் விதிக்கும் அபராதத்துக்கு மேல், குடித்துவிட்டு ஓட்டியவர் வருடத்துக்கு 1,000 டாலர் வீதம் மூன்று வருடம் கட்டவேண்டும். காப்புறுதி இல்லாமல் ஓட்டியவர் வருடத்துக்கு 250 டாலர் வீதம் மூன்று வருடம். வருவதில் ஏறக்குறைய பாதி ட்ராமா மருத்துவமனைகளுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் காப்புறுதி கட்டக் காசில்லாதவரிடம் 750 டாலர் எங்கே இருக்கும்? கட்டவில்லை, லைசென்ஸ் போனது. லைசென்ஸ் போனாலும் வேலைக்குப் போகாமல் முடியாதே, ஓட்டினார், மறுபடி பிடிபட்டார், அதற்கும் கூடுதல் கட்டணம். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் லைசென்ஸ் இழந்தார்கள். விதித்ததில் பெரும்பகுதி வசூலாகவே இல்லை. இது சரியில்லை என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்டும் பல வருடம் ரத்து செய்ய முடியவில்லை. ட்ராமா மருத்துவமனைகள் அந்தப் பணத்தையே நம்பி உட்கார்ந்திருந்தன, அதற்கு மாற்று சொல்லாமல் கைவைக்க யாரும் துணியவில்லை. கடைசியில் 2019ல்தான் எடுத்தார்கள். ஈடாக வாகனக் காப்புறுதியில் வாங்கிய 2 டாலரை 4 ஆக்கினார்கள், மாநிலப் போக்குவரத்து அபராதத்தை 30லிருந்து 50 டாலராக உயர்த்தினார்கள்.

இதை இங்கே பொருத்திப் பாருங்கள். மலேசியாவில் 2016ல் சாலையில் இறந்தவர்கள் 7,152 பேர். 2019ல் 6,167 பேர். பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ரோட் டெக்ஸ் (சாலை வரி) காலாவதியான வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையனிடம்தான் சம்மன் பணமும் கறக்கப்படும், அவன்தான் அடிபட்டும் வருவான். தப்பு செய்பவன் கட்டட்டும் என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. அவசரப் பிரிவில் நின்று பார்த்தால் கட்டுபவனும் படுத்திருப்பவனும் பெரும்பாலும் ஒரே ஆள்.

பணத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியா மாநிலம் 2009ல் மிக வேகமாக ஓட்டுபவர்களுக்கு 200 டாலர் கூடுதல் அபராதம் போட்டது. ட்ராமாவுக்கு என்று சொல்லித்தான் சட்டத்தை நிறைவேற்றினார்கள். ஆனால் பணம் போய் விழுந்தது மாநிலத்தின் பொது நிதியில். ட்ராமாவுக்கு எவ்வளவு என்பதை வருடா வருடம் சட்டமன்றம் தீர்மானித்தது. வாகனப் பதிவுக்கு 10 டாலர் கூட்டி, அதைத் தொடவே முடியாதபடி ட்ராமாவுக்கு ஒதுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2010 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. நிதிக்கு யார் பெயரைச் சூட்டியிருக்கிறது என்பதைவிட எந்தக் கணக்கில் விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

இனி அதிகாரம். 1979ல் கலிஃபோர்னியாவின் இரண்டு மாவட்டங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்தத் துறையில் எல்லோரும் படித்தாகவேண்டிய ஆய்வு அது. சான் ஃபிரான்சிஸ்கோவில் பலத்த காயம் என்றால் எல்லோரையும் ஒரே மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவார்கள். ஆரஞ்சு மாவட்டத்தில் ஏறக்குறைய 40 மருத்துவமனைகள். எது பக்கமோ அங்கே. வாகன விபத்துக்குப் பின் மருத்துவமனைக்கு வந்துசேர்ந்து இறந்தவர்களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் 92 பேர், ஆரஞ்சில் 90 பேர் என்று எடுத்து, பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு ஒவ்வொரு மரணத்தையும் அலசினார்கள். தலைக்காயம் அல்லாத மரணங்களில் ஆரஞ்சில் மூன்றில் இரண்டு பங்கு தவிர்த்திருக்கக்கூடியவை என்று முடிவானது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அப்படிச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. ஆரஞ்சில் இறந்தவர்கள் வயதிலும் இளையவர்கள், காயமும் லேசு. வயிற்றில் ரத்தக்கசிவை நேரத்தில் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்தாலும் அறுவைக்குக் கொண்டுபோகவில்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த காரணம். அதற்கடுத்த வருடமே ஆரஞ்சு மாவட்டம் சில மருத்துவமனைகளை மட்டும் ட்ராமாவுக்கு நியமித்து, ஆம்புலன்ஸ் மற்றவற்றைத் தாண்டிப் போகவேண்டும் என்று விதித்தது. தவிர்க்கக்கூடிய மரணங்கள் குறைந்தன.

இந்த நியமனத்துக்குச் சட்டம் தேவை, ஏனென்றால் இதில் யாராவது நோகாமல் தீராது. ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றை ஒதுக்குகிறோம். ஃபுளோரிடாவில் காப்புறுதிக்காரர்களிடமிருந்து ட்ராமாவுக்கு நல்ல தொகை வசூலிக்க முடியும் என்று தெரிந்ததும் புது மருத்துவமனைகள் நியமனம் கேட்டு வந்தன. பழையவை வழக்குப் போட்டன. 2011ல் மாநிலத்தின் நியமன விதியே செல்லாது என்று தீர்ப்பாகி, 2018ல் புதுச் சட்டம் வரும்வரை இழுபறி. அங்கே பிரச்சினை எண்ணிக்கை அதிகமாவது: நோயாளிகள் பல இடங்களுக்குச் சிதறினால் எந்தக் குழுவுக்கும் கை பழகாது. மிசிசிப்பிக்கு நேரெதிர்ப் பிரச்சினை, யாரும் முன்வரவில்லை. 2008ல் அந்த மாநிலம், திறன் இருந்தும் ட்ராமா அமைப்பில் சேராத மருத்துவமனை கட்டணம் கட்டவேண்டும் என்றது. எனக்குத் தெரிந்து நிதியையும் அதிகாரத்தையும் ஒரே முடிச்சில் போட்ட புத்திசாலித்தனமான சட்டம் அதுதான். தனியார் மருத்துவமனைகள் நிறைந்த பினாங்குக்குப் படிக்க ஏற்றது. நம் நாட்டின் 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள் சட்டம், 586ஆம் சட்டம், தனியார் மருத்துவமனைகள் எந்நேரமும் அவசர உயிர்காப்பு சிகிச்சை தரத் தயாராக இருக்கவேண்டும் என்கிறது. அதோடு நின்றுவிடுகிறது. யார் எந்த நோயாளியை ஏற்று முடிவுவரை பார்க்கவேண்டும் என்பதை ட்ராமா அமைப்பாக வகுத்துச் சொல்லும் தனிச் சட்டம் இங்கே கிடையாது. அமைச்சின் கொள்கையும் சுற்றறிக்கையும் மருத்துவர்களின் பழக்கமும்தான் நடத்துகின்றன.

பழக்கம் எப்படி நடத்துகிறது என்று உங்களுக்குத் தெரியவேண்டும். பினாங்கில் அரசாங்கத்தின் மூளை அறுவைப் பிரிவு இருப்பது தீவில், பினாங்கு மருத்துவமனையில். பெருநிலத்தில் தலையில் அடிபட்டவர் பக்கத்து மருத்துவமனைக்கு வருகிறார். மூச்சுக்குழாய் வைத்து, சி.டி. எடுத்து, மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று தெரிய எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு மணி நேரம் ஆகிவிடும். அதன் பிறகு போன். மூளை அறுவைப் பிரிவின் பணி மருத்துவர் அறுவைக்கூடத்துக்குள் இருப்பார். தாதி வந்து எடுப்பார். படங்களை அனுப்புவோம். அவர் தன் நிபுணரைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடுவார். பிறகு ஐ.சி.யூ. கட்டில் கேட்க வேறு எண். கட்டில் கிடைத்ததும் ஆம்புலன்ஸ் கேட்டால் அது நிபோங் திபாலில் இன்னொரு அழைப்பில் இருக்கும். கூடப் போக ஒரு மருத்துவ உதவியாளர், ஒரு தாதி. அந்த ஷிப்டில் இருப்பதே சிலர், அனுப்பினால் இங்கே குறையும். எடுத்துச்செல்லும் வென்டிலேட்டரில் ஆக்சிஜன் போதுமா என்று பார்த்து ஏற்றும்போது ஒரு பக்கக் கண்மணி விரிய ஆரம்பித்திருக்கும். அதன் பிறகுதான் பாலத்தின் 13.5 கிலோமீட்டர். மாலை ஆறு மணியானால் சைரன் போட்டாலும் வழிவிட இடமே இருக்காது. இதில் யாரும் சோம்பேறி இல்லை. ஒவ்வொரு படியிலும் ஒருவர் இன்னொருவரிடம் கேட்கவேண்டியிருக்கிறது. ஆரஞ்சு மாவட்டம் எடுத்தெறிந்தது அந்தக் கேட்கும் படிகளைத்தான். இன்ன அளவுக்கு மேல் காயம் என்றால் நியமிக்கப்பட்ட மருத்துவமனை ஏற்றாகவேண்டும். கட்டில் இருக்கிறதா என்ற கேள்வி நோயாளி வந்துசேர்ந்த பிறகு.

இதில் உறுதியானது எது, சந்தேகமானது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தேவையான நோயாளி ட்ராமா மையத்துக்குப் போனால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்குச் சான்று பலமாக இருக்கிறது. 2006ல் வெளியான அமெரிக்க ஆய்வு, 14 மாநிலங்களில் ட்ராமா மையங்களையும் மற்ற பெரிய மருத்துவமனைகளையும் ஒப்பிட்டு, மையங்களில் மரண வாய்ப்பு 25 விழுக்காடு குறைவு என்று காட்டியது. ஆனால் ஆரஞ்சு ஆய்வில், தவிர்க்கக்கூடியதா என்பது ஆய்வாளரின் தீர்ப்பு. இன்னொருவர் பார்த்தால் எண் மாறும். சட்டம் வந்த பிறகு மரணம் குறைந்தது என்று சொல்லும் ஆய்வுகளில் பலவற்றில் அதே காலத்தில் சீட் பெல்ட்டும் நல்ல சாலையும் வந்தன; எது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். தனி நிதி வைத்ததால் மட்டும் மரணம் குறைந்தது என்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும்படியான சான்றைப் பார்த்ததில்லை. பக்கத்து மருத்துவமனையைத் தாண்டிப் போவதும் எல்லோருக்கும் நல்லதல்ல. மூச்சுப் பாதை அடைபட்டவரை அரை மணி நேரம் பாலத்தில் ஓட்டிக்கொண்டு போனால் பாலத்திலேயே முடிந்துவிடலாம். உங்கள் தம்பியை ஜூருவிலிருந்து நேரே தீவுக்குக் கொண்டுபோயிருக்கவேண்டுமா என்றால், அது அந்த நிமிடம் அவருடைய மூச்சும் ரத்த அழுத்தமும் எப்படி இருந்தன என்பதைப் பொறுத்தது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மருத்துவமும் மருத்துவமனைகளும் கூட்டரசுப் பட்டியலில், அதாவது மத்திய அரசின் கையில், இருக்கின்றன. சாலைப் போக்குவரத்தும் அங்கேதான், காப்புறுதியும் அங்கேதான். பொதுச் சுகாதாரமும் நோய்த்தடுப்பும் இரண்டு அரசுகளுக்கும் உரிய பொதுப் பட்டியலில் உள்ளன. கொசு ஒழிப்புக்கு மாநிலம் ஓடலாம், ட்ராமா மருத்துவமனை நியமிக்க முடியாது. கூட்டரசுச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் 75ஆம் பிரிவுப்படி செல்லாது. ஒரே ஒரு சந்து இருக்கிறது: 76ஏ பிரிவுப்படி, கூட்டரசுப் பட்டியலில் உள்ள ஒரு விஷயத்தில் சட்டம் இயற்ற நாடாளுமன்றம் ஒரு மாநிலத்துக்கு அனுமதி தரலாம். அதைச் செய்ய புத்ராஜெயாவிலிருக்கும் கூட்டரசு அரசாங்கத்துக்கு என்ன அவசரம் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. பணமும் அப்படியே. போலீஸ் சம்மன், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் சம்மன், ரோட் டெக்ஸ் எல்லாம் கூட்டரசுடையவை. 97ஆம் பிரிவுப்படி அதன் ஒருங்கிணைந்த நிதியில் போய்ச் சேருகின்றன. பினாங்கில் உள்ளூர் கைக்கு வருவது நகராண்மைக் கழகத்தின் பார்க்கிங் அபராதம் மாதிரியானவை. அதை வைத்து மூளை அறுவை நிபுணரை நியமிக்க முடியாது.

தமிழ்நாட்டில் மாநில அரசே விபத்து சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய முடிகிறதே என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். இந்திய அரசியலமைப்பில் மருத்துவமனை மாநிலப் பட்டியலில் இருப்பதால்தான் அங்கே முடிகிறது. விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்குத் தனியார் மருத்துவமனையிலும் இலவச சிகிச்சை என்று 2021 டிசம்பரில் ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம். ஆனால் அது அரசாணையில் ஓடும் திட்டம், சட்டமன்றம் இயற்றிய சட்டம் இல்லை.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மாதிரி என் கணிப்பில் டெக்ஸஸ் இல்லை, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அங்கே வாகனப் பதிவோடு சேர்ந்து வாங்கும் கட்டணத்தில் ஒரு போக்குவரத்து விபத்து ஆணையம் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. 2000 வாக்கில் மாநிலம் முழுவதற்கும் பெரியவர்களுக்கு இரண்டு, குழந்தைகளுக்கு ஒன்று என்று மூன்று மருத்துவமனைகளை மட்டும் தலைமை மையங்களாக வைத்தார்கள். ஒவ்வொரு பலத்த காயமும் பதிவேட்டில் ஏறுகிறது. அதற்குப் பணம் தருவோரில் அந்த ஆணையமும் ஒன்று. சீக்கிரம் குணமானால் ஆணையத்துக்குச் செலவு மிச்சம், அதனால் அக்கறை இயல்பாகவே வருகிறது. இங்கே அதற்குப் பக்கத்தில் இருப்பது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடக்கும் விபத்து 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடங்கும்; சொந்தமாக ஓட்டிச் சம்பாதிப்பவர்களுக்கு 2017ல் தனிச் சட்டம் வந்தது. மலாக்காவில் பெரிய மறுவாழ்வு நிலையமும் வைத்திருக்கிறார்கள். விபத்துக்குப் பிந்திய வருடங்களுக்குக் கட்டும் ஒரு நிறுவனம், முதல் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் செலவழித்தால் தனக்கே லாபம். இது என் கருத்து. அதைக் கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய எண்கள் பதிவேடு இல்லாமல் கிடைக்காது. 2006ல் தேசிய ட்ராமா பதிவேடு சில பெரிய மருத்துவமனைகளோடு ஆரம்பிக்கப்பட்டது. எல்லா மருத்துவமனையையும் கட்டாயமாக்கும் சட்டம் இல்லாவிட்டால், ராத்திரி முழுக்க ஓடிய மருத்துவ அதிகாரி காலையில் உட்கார்ந்து பாரம் நிரப்புவாரா என்பதை நம்பித்தான் பதிவேடு இருக்கும். நானும் நிரப்பியிருக்கிறேன், சலித்துக்கொண்டேதான்.

மாநில அரசிடம் கேட்கக்கூடியது விபத்துக்கு முந்திய பகுதி. மாநிலச் சாலைகள், நகராண்மைச் சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்குத் தனிப் பாதை, தெருவிளக்கு, பள்ளம் மூடுவது, தன்னார்வ ஆம்புலன்ஸ் அமைப்புகளுக்கு மானியம். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிள் தனிப் பாதை போட்டார்கள். அதனால் விபத்து குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதற்கு எந்த அரசியலமைப்புத் தடையும் கிடையாது, உங்கள் ஒய்பியிடம் (சட்டமன்ற உறுப்பினரிடம்) தாராளமாகக் கேளுங்கள்.

சிகிச்சையைப் பற்றிக் கேட்பதானால் உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடியுங்கள். நிதி வேண்டும் என்று ஆரம்பித்தால் ஒதுக்கீட்டுத் தொகையைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கடந்த வருடம் செபராங் பிறையிலிருந்து தலைக்காயத்தோடு தீவுக்கு மாற்றப்பட்டவர்கள் எத்தனை பேர், முதல் மருத்துவமனையில் பதிந்த நேரத்திலிருந்து அறுவைக்கூடத்தில் கத்தி வைத்த நேரம் வரை சராசரி எவ்வளவு, கட்டில் இல்லை என்று எத்தனை தடவை பதில் வந்தது, அந்தப் பதிலைச் சொல்ல அதிகாரம் யாருக்கு என்று கேட்கச் சொல்லுங்கள். வாய்மொழிக் கேள்வியாகப் போட்டால் நேரம் முடிந்து விட்டுப்போகும். எழுத்து மூலம் பதில் வேண்டும் என்று போடச் சொல்லுங்கள், நாடாளுமன்றப் பதிவான ஹன்சார்டில் ஏறும்.